நான் எழுதிக் கொடுத்த துண்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. அங்கே நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

தோட்டத்து மக்கள் என்னை 'டொக்டர் ஐயா' என்பார்கள். நான் டொக்டர் இல்லை. ஆனாலும் என் துண்டுக்கு மதிப்பு உண்டு. காய்ச்சல், இடுப்புவலி என்று வருகிறவர்களுக்கு ஒரு சிறிய தாளில் 'இன்று ஓய்வு' என்று எழுதிக் கொடுத்தால், காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் தோட்ட அதிகாரி கண்டாக்கையாகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

என் ஒரே மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பஸ்ஸில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். அங்கே புதிதாக வந்திருந்த விளையாட்டு டீச்சர் அவளை ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டார். பயிற்சி முடிந்து அவள் கடைசி பஸ்ஸில்தான் வருவாள். மூடுபனி இறங்கிய ரோட்டில் குடையோடு காத்து நிற்பேன். விழுந்து காலை முறித்துக்கொண்டால்? பஸ்ஸைத் தவறவிட்டால்? இது போதாதென்று, மருந்து வாங்க வந்த கங்காணி ஒருவர், "என்னங்க டொக்டர் ஐயா, மக காச்சட்ட போட்டுக்கிட்டு ஓடுதாமே? பாத்துங்க, வர்ற மாப்பிள்ளயெல்லாம் முந்திக்கிட்டு ஓடிறப் போவுது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே டீச்சருக்கு ஒரு துண்டு எழுதினேன். மகளுக்கு இதயம் பலவீனம், ஓட விடக்கூடாது என்று. அவள் காரணம் கேட்டபோதும் அதையே சொன்னேன். "நெஞ்சுக்குப் பலம் பத்தாதும்மா. ஓடாத." அதில் துளியும் உண்மை இல்லை. ஆனால் அப்பா சொன்னால் அவள் கேட்பாள். கேட்டாள்.

அதன் பிறகு வீட்டுக்கு ஏறும் படிகளில் அவள் பாதியில் நின்றுவிடுவாள். வலது கை நெஞ்சில் இருக்கும். நான் அதைப் பார்த்தேன். பிள்ளை அடங்கிவிட்டாள் என்று நிம்மதிப்பட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, அந்த டீச்சரே தோட்டத்துக்கு வந்துவிட்டார். மகள்தான் டிஸ்பென்சரிக்கு அழைத்து வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு கொப்பி இருந்தது.

"ஐயா, உங்க துண்டப் பார்த்ததும் ஓட்டத்த நிறுத்திட்டேன். ஆனா சும்மா உக்கார வைக்கலங்க. தினமும் மெதுவா நடக்க வச்சு, நாடி பிடிச்சு எழுதியிருக்கேன். எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. ஆனா பத்துப் படி ஏறினாலே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. திங்கக்கிழமை டவுன்ல பெரிய டொக்டர்கிட்ட காட்டலாம், நீங்களும் வாங்க."

கொப்பியைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் தேதியும் நாடித் துடிப்பும். நான் பொய்யாக எழுதிய ஒரு வரியை அந்த டீச்சரம்மா எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"வேணாங்க டீச்சர். அவளுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் பயந்துபோய் அப்படி எழுதிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. "அத எங்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தாம்பா பொய் சொல்றீங்க. மேல் லயத்து வீட்டு அக்கா மருந்துக்கு வந்தப்பவும் ஒண்ணும் இல்ல, சரியாப் போயிரும்னுதான் சொன்னீங்க. அவங்க செத்துப் போனாங்க."

டீச்சர்தான் அவள் விரல்களைப் பிடித்து அவளுடைய மணிக்கட்டிலேயே வைத்தார். "அப்பாவ நம்ப வேணாம், என்னையும் நம்ப வேணாம். நீயே எண்ணிப் பாரு."

திங்கட்கிழமை டொக்டரும் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் பயம் ஒரே நாளில் போகவில்லை. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. முதலில் மைதானத்தில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று. ஒவ்வொரு முறையும் அவளே நாடி பிடித்து எண்ணிச் சொல்ல வேண்டும். எண்ணி முடிக்கும்வரை மற்றப் பிள்ளைகளும் காத்திருப்பார்களாம்.

பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நானும் போனேன். ஆறு பேரில் அவள் ஐந்தாவதாக வந்தாள். ஓடி முடித்ததும் முதலாவது யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினாள். எண்ணி முடித்து, டீச்சரைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல.

இந்த வருடம் அவள் பள்ளியின் அஞ்சலோட்டக் குழுவில் இருக்கிறாள். ஆனாலும் வீட்டுப் படி ஏறும்போது சில நாட்களில் அந்த வலது கை, அவளை அறியாமலே நெஞ்சு வரை போய்விட்டு இறங்குகிறது. துண்டு எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கை என் கண்முன் வந்து, என் பேனாவை ஒரு கணம் நிறுத்தி வைக்கிறது.