ஆம்பை மாற்றியும் மாறாத கோளாறு

1. புதுசுக்கும் அதே கம்ப்ளெயின்ட்

சனிக்கிழமை காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதுமே போன் வந்தது. சந்தியாகு சார்.

"செல்வி, நீ கொண்டாந்து வச்ச புது ஆம்பும் இடது பக்கம் மந்தமாத்தான் பாடுது. பழசு மாதிரியேதான். ஒரு எட்டு வந்துட்டுப் போ."

எனக்குத் திக்கென்றது. ஒரு ஆம்பில், அதாவது ஆம்ப்ளிஃபயரில், இடது சேனல் மந்தமாக இருந்தால் அது ரிப்பேர். வேறு கம்பெனி, வேறு வயசு உள்ள இன்னொரு ஆம்பிலும் அதே இடது சேனல் மந்தம் என்றால், ஆம்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடியில் விலை உயர்ந்த ஸ்டீரியோ செட்டுகள் விற்கிற கடையில் சர்வீஸ் பார்ப்பதுதான் என் வேலை. ஐ.டி.ஐ. முடித்த கையோடு சேர்ந்தவள், இன்றைக்கும் அதே பெஞ்சில்தான் இருக்கிறேன். இந்த ஊரில் இதையெல்லாம் வாங்க ஆள் உண்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கப்பலுக்குப் போகிறவர்கள் உள்ள ஊர் இது. வீட்டில் தங்கச் சங்கிலி கேட்டிருப்பார்கள். இவர்கள் ஜப்பானிலிருந்து ஆம்ப் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். சந்தியாகு சாரும் அப்படித்தான். ஜூனியர் இன்ஜினியராக இருந்தபோது வாங்கிய ஆம்பைக் கேபினிலேயே வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். சீஃப் இன்ஜினியராக ஓய்வு பெற்று வந்தபிறகு, "பழசு களைச்சுப் போச்சு, அப்கிரேட் பண்ணிருவோமா?" என்று கேட்டார். எங்கள் முதலாளி அண்ணாச்சி இப்படிப்பட்ட கேள்விக்கு வேண்டாம் என்று சொன்னதே கிடையாது.

புது ஆம்பை டெமோவுக்கு அவர் வீட்டிலேயே வைத்திருந்தோம். பிடித்திருந்தால் பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்குள் அண்ணாச்சி மதுரையில் ஒருவரிடம் பழையதை விற்பதாகச் சொல்லியும் வைத்துவிட்டார். அவர் அன்று சாயங்காலம் கார் எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தது.

"ஏளா செல்வி, புது ஆம்ப் கொஞ்ச நாள் பாடுனாத்தான் வாய் தொறக்கும்னு சொல்லு. பர்ன்-இன்னு ஒரு வார்த்தை இருக்குல்லா, அதை எடுத்து விடு" என்றார் அண்ணாச்சி.

"அது ரெண்டு பக்கத்துக்கும் பொதுதான அண்ணாச்சி. இடது பக்கம் மட்டும் எப்படி வாய மூடிக்கிட்டு இருக்கும்?"

"நீ எனக்கே பாடம் எடு. போயிப் பாத்துட்டு வா. பழசு மட்டும் இன்னைக்கு வண்டி ஏறிரணும்."

2. அந்த அறைக்குள் வராத அக்கா

கதவைத் திறந்தது பிலோமினா அக்கா, சாருடைய மனைவி. உட்கார வைத்து கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"புதுசு வந்தும் ஒண்ணும் கதையாகலம்மா. அந்த ரூம்புக்குள்ள நான் போயி உக்காந்து எவ்வளவோ நாளாச்சு. காதுக்குள்ள ஆணி அடிக்க மாதிரி வைக்காரு. சத்தத்தைக் குறைங்கன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. கப்பல்ல கெடக்கையில கரை தட்டுன எடத்துல இருந்தெல்லாம் போன் போட்ட மனுசன். வீட்டோட வந்தப்பறம் நான் வேண்டாதவளாப் போயிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே போனால் சார் வேறு கதை சொன்னார். "முந்தி சாயங்காலமானா ரெண்டு பேரும் சேந்துதான் கேப்போம். இந்தா, இடது பக்கம் கெடக்க நாற்காலிதான் அவளுக்கு. இப்பம் வாரதே இல்ல. வந்தாலும் எந்திரிச்சுப் போயிருதா. சவுண்டு கெட்டுப்போச்சுல்லா, எப்படி உக்காருவா? அதுக்குத்தான் செல்வி இந்த ஆம்பே. அவ திரும்ப வந்து உக்காரணும்."

மனிதர் வாட்ஸ் கேட்டு ஆம்ப் வாங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு எந்த ஸ்பெசிஃபிகேஷனைப் பார்த்து நான் பதில் சொல்ல? ஆனாலும் வந்த வேலையைப் பார்க்க வேண்டுமே.

3. இடம் மாற்றிப் பார்த்தது

கடலுக்குப் பக்கத்து வீடுகளில் முதல் சந்தேகம் உப்புக் காற்றின் மேல்தான். ஸ்பீக்கர் டெர்மினல்களில் பச்சை பூத்திருக்கும். சுத்தமாகத் துடைத்து, கேபிள் நுனியைப் புதிதாக வெட்டி மாட்டினேன். சார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்.

"இடதுதான். வயலின் அங்கன போர்வைக்குள்ள இருந்து வாசிக்கான்."

நான் நின்றிருந்த இடத்தில் எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் கேட்டது. ஆனால் கஸ்டமரிடம் எனக்கு நன்றாகக் கேட்கிறதே என்று வாதாடக் கூடாது. கோளாறு எங்கே என்று தெரியாதபோது எங்கள் தொழிலில் ஒரே வழி, இடம் மாற்றிப் பார்ப்பது. ஆம்பின் பின்பக்கம் இடது கேபிளை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினேன். கோளாறு ஆம்பில் இருந்தால் மந்தம் வலது பக்கம் போக வேண்டும்.

"இடதுதான்" என்றார்.

அப்படியானால் ஆம்பில் தப்பில்லை. அடுத்து ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினோம். அவரும் ஒரு கை பிடித்தார்.

"அப்பமும் இடதுதான் செல்வி."

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நாங்களும் கப்பல்ல இதேதான் செய்வோம். இன்ஜின்ல ஒரு யூனிட்ல, சிலிண்டரைத்தான் சொல்லுதேன், எக்ஸாஸ்ட் சூடு ஏறுதுன்னு வையி, அதுக்கு எண்ணெய் பீச்சுத இன்ஜெக்டரைக் கழத்தி அடுத்த யூனிட்ல போடுவோம். கோளாறு கூடப் போகுதா, இல்ல அங்கனயே நிக்குதான்னு பாப்போம். மிஷின் ரூம்ல நடந்து போகையிலேயே எந்த யூனிட் சரியில்லன்னு காதால சொல்லுவேன். மீட்டரெல்லாம் பொறவுதான்."

அவர் அதைச் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. ஆம்ப் மாற்றியாயிற்று. கேபிள், ஸ்பீக்கர் மாற்றியாயிற்று. அந்த அறையில் இன்னும் இடம் மாற்றாதது ஒன்றுதான் பாக்கி. அதை நான் எப்படிச் சொல்வது? காதை வைத்தே பிழைத்த மனிதர். இடது பக்கச் சன்னலின் திரையைப் பார்த்து, "ரூம் எதிரொலியாக் கூட இருக்கலாம் சார், திரையை எடுத்துப் பாப்போமா?" என்று இழுத்தேன்.

சார் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"போடும்மா."

போட்டேன். அதே பாட்டு, அதே வயலின். இப்போது சன்னல் இருந்தது அவருக்கு வலது பக்கம். அறையில் கோளாறு இருந்தால் மந்தமும் சன்னலோடு வலது பக்கம் போயிருக்க வேண்டும்.

"இடது" என்றார். வலது காதைக் கையால் பொத்தினார். பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. கையை எடுத்தார். "கோளாறு என்கூடவே வருது செல்வி."

வேறு வேலை ஏதோ இருப்பதுபோலக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

4. முடிவு

கேபிளைப் பார்த்துக்கொண்டு நின்றதில்தான் எனக்குப் பழைய ஆம்பின் முகப்பு கண்ணில் பட்டது. புதியது பார்க்க அழகு. ஒரு வால்யூம் நாப், ஒரு செலக்டர், அவ்வளவுதான். சிக்னல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். பழையதில் பேலன்ஸ் நாப் இருந்தது, எந்தப் பக்கம் திருகுகிறோமோ அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் சத்தம் கூடும். அது இடது பக்கம் நன்றாகத் திருகிக் கிடந்தது. அதாவது அக்காவின் நாற்காலிப் பக்கம். பாவம், ஆணி அடித்தது அங்கிருந்துதான். அதன் பக்கத்திலேயே ஒரு சின்ன மோனோ சுவிட்ச்.

பழைய ஆம்பைத் திரும்ப மாட்டினேன். சாரும் நாற்காலியை நேராகத் திருப்பிக்கொண்டார். மோனோ போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் முழுப் பாட்டும் வரும். பேலன்ஸைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி, வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்கினேன்.

"இப்பம் கேளுங்க சார். ஸ்டீரியோ போயிரும். ஆனா பாட்டுல ஒண்ணும் போகாது."

அவர் ரொம்ப நேரம் கேட்டார். "வயலின் வந்துட்டான்" என்றார். பிறகு, "புதுசுல இந்த சுவிட்ச் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அப்பம் அதை வண்டில ஏத்திரு."

"காது டாக்டரையும் பாருங்க சார். தள்ளிப் போடாதிய."

தலையை ஆட்டினார். சத்தம் குறைந்ததைக் கவனித்து பிலோமினா அக்கா வாசலில் வந்து எட்டிப்பார்த்தார். "என்ன, இன்னைக்கு வீடு இடியாம பாடுது?" என்றபடி உள்ளே வந்து, தன் பழைய நாற்காலியில் உட்காரப் போனார்.

"அங்கன வேண்டாம் பிலோமி" என்றார் சார். எழுந்து அந்த நாற்காலியை இழுத்துத் தன் வலது பக்கம் போட்டார். "இங்கன உக்காரு. அந்தப் பக்கத்துக் காது எனக்குப் போயிட்டு. நீ சொல்லுதது கேக்க மாட்டேங்கு."

அக்கா நின்றபடியே அவரைப் பார்த்தார். "கேக்கவே இல்லையா? நான் கூப்பிட்டதெல்லாம்? என்னைச் சட்டை பண்ணாமல்லா இருக்கியன்னு நெனச்சேன்." தோளில் ஓர் அடி வைத்தார். அடித்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதார். நான் புது ஆம்பைத் தூக்கக் கடை வண்டி டிரைவரைக் கூப்பிடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

மதுரைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னதும் அண்ணாச்சி போனிலேயே கத்தினார். "விக்கப் போனவ திருப்பித் தூக்கிட்டு வாரா பாரு! நல்லா உருப்படும் கடை!" காரணம் கேட்டார். சொன்னேன். "சரி, பாத்துப் பத்திரமா ஏத்து. கீறல் விழாம" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

டாக்டர் பார்த்தார். அந்தக் காது இனித் திரும்பாதாம். பேச்சுக்குக் காது மிஷின் உதவுகிறது, பாட்டுக்கு அது தகரம்போல இருக்கிறது என்று சார் பாட்டு நேரத்தில் கழற்றி வைத்துவிடுகிறார். பழைய ஆம்பை வருஷா வருஷம் நான்தான் போய்த் துடைத்துவிட்டு வருகிறேன்.

அப்கிரேட் பண்ணலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் வாட்ஸ் கணக்கை நான் முதலில் எடுப்பதில்லை. உங்களோடு உட்கார்ந்து கேட்பது யார் என்று கேட்பேன். யாருமில்லை, முன்பு ஒருவர் உட்காருவார் என்று பதில் வந்தால், ஆம்பைக் காட்டுவதற்கு முன்னால் அவர் ஏன் எழுந்து போனார் என்று விசாரிப்பேன்.