முன்னூற்றிநாலுக்கு நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கதைபேச்சு கிடையாது. ஹனோவரில் இருக்கும் தமிழ் வீடுகளில் அந்த நேரம் அமைதியாக இருப்பது எங்கள் வீடு ஒன்றுதான் என்று நினைக்கிறேன். காரணம் முன்னூற்றிநாலு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது கடதாசி விளையாட்டு, சீட்டாட்டம். நாலு பேர் வேண்டும். எதிரெதிரே இருக்கும் இரண்டு பேர் ஒரு சோடி. எவ்வளவுக்கு எடுப்பேன் என்று ஏலம்போலக் கேள்வி கேட்கும் நேரம் தவிர வாய் திறக்கக்கூடாது. சோடிக்குச் சாடை காட்டக்கூடாது. இருமினால்கூட எதிர்ப்பக்கம் சண்டைக்கு வரும். பக்கத்தில் நின்று பார்ப்பவர் ஒரு சொல் சொன்னால் அந்த ஆட்டமே குழம்பிவிடும்.

என் கணவரும் அவருடைய சிநேகிதரும் ஒரு சோடி. அகதி விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே கடதாசிக் கட்டு. அன்று தொடங்கியது. நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது என்னை வரவேற்க விமான நிலையத்துக்கு வந்தவர்களும் இந்தச் சோடிதான். யார் மாப்பிள்ளை என்று எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை, இருவரும் ஒரே மாதிரி ஜாக்கெட் போட்டிருந்தார்கள். எதிர்ச் சோடி பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணனும் தம்பியும். அவர்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்கு வருவார்கள், ரோல்ஸ் சாப்பிடுவார்கள், தோற்பார்கள்.

அந்த மேசையில் பேசாமல் இருப்பதற்கெல்லாம் சேர்த்து இவர்கள் பேசுமிடம் ஊர்க்காரரின் வாட்ஸ்அப் குழு. செத்தவீட்டு அறிவித்தலுக்கும் கோயில் திருவிழா அறிவித்தலுக்கும் என்று தொடங்கிய குழு அது. கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கள் ஊர் சிதறிப்போன எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்ததும் குழுவுக்குப் பேய் பிடித்தது. ஒரு பாவப்பட்ட மனுஷியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அறிவித்தல் இரண்டு வேட்பாளர்களின் சண்டைக்கு நடுவில் அகப்பட்டுக் காணாமற்போய், அவருடைய மகன் அதை மூன்று தரம் திரும்பப் போட்டார்.

என் கணவர் தமிழர் பக்கத்திலிருந்து நின்றவருக்கு ஆதரவு. சிநேகிதர் தெற்கிலிருந்து புதிதாகக் கிளம்பிவந்த சிங்களவருக்கு. “வெல்லமாட்டாத ஆளுக்குப் போட்டு என்னத்தைக் காணப் போறியள்?” என்று அவர் எழுதுவார். “வெல்லுறதுக்கில்லை, நாங்கள் இன்னும் இருக்கிறம் எண்டு காட்டுறதுக்கு” என்று இவர் எழுதுவார். ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுதுவார். நான் வேலை முடிந்து வந்து இரண்டையும் வாசிப்பேன். எனக்கு இரண்டும் சரியாகவே படும். அதைச் சொன்னால் இவருக்குக் கோபம் வரும்.

இதில் பகிடி என்னவென்றால் இவர்கள் ஒருவருக்கும் அங்கே வாக்கில்லை. எல்லாரும் ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்து எத்தனையோ காலம். இங்கே தேர்தல் வந்தபோது வாக்களிக்கச் சொல்லி வந்த அட்டையை இவர் எங்கேயோ வைத்துவிட்டார், சமையலறை இழுப்பறைக்குள்ளிருந்து நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். இல்லாத வாக்குக்குத்தான் இரத்த அழுத்த மாத்திரை இரட்டிப்பாகியது. ஆனாலும் ஞாயிறு வந்தால் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து ஒரு சொல் பேசாமல் விளையாடுவார்கள். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னர் சிநேகிதரும் மனைவியும் எங்கள் சமையலறையில் இருந்து, மகனுக்குக் கலியாணம் பேசுகிறோம் என்று சொன்னார்கள். பெண் டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்கிறாள், நல்ல பிள்ளை, சிங்களப் பிள்ளை. சிநேகிதருக்குக் கனடாவில் ஒரு தமையன் இருக்கிறார். அவருடைய மூத்த மகன் போரில் செத்தவன். “அண்ணைக்கு நான் நேரை போய்த்தான் சொல்ல வேணும். ஃபோனிலை சொல்லுற விசயமில்லை. அதுவரைக்கும் வெளியிலை விடாதேங்கோ” என்றார். இவர்தான் முதலில் தலையாட்டினார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை குழுவில் சிநேகிதர், ஜெர்மனியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அங்கே இருக்கும் பிள்ளைகளைக் கொடி பிடிக்கச் சொல்லாதேங்கோ என்று எழுதியிருந்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். இவர் வேலையிலிருந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எழுதினார்: “வீட்டுக்குச் சிங்கள மருமகள் வரப்போறா. இனி உவர் தெற்கிலையிருந்து வாறவருக்குத்தானே வோட்டுக் கேப்பார்.”

கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஜெர்மன் மொழியில் ஒரு வரி மட்டும் அங்கே கிடந்தது. அதற்குள் கனடாவில் விடிந்திருந்தது; தமையனும் அந்தக் குழுவில்தான்.

“அழிச்சுப்போட்டன்தானே” என்றார் என்னிடம்.

“கண்ணாலை வாசிச்சதை எப்பிடி அழிப்பியள்?” என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியை அடுப்பில் வைத்த சத்தம் கீழ்வீட்டு ஜெர்மன்காரிக்குக் கேட்டிருக்கும். இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கேயே, படியில் இருப்பதுபோல, வாசல் நடையில் இருந்துவிட்டார்.

அந்த ஞாயிறு அண்ணனும் தம்பியும் வந்தார்கள். ரோல்ஸ் சாப்பிட்டார்கள். எதிர்க் கதிரை வெறுமையாக இருந்தது. முன்னூற்றிநாலை மூன்று பேர் விளையாடவும் வழி இருக்கிறதாம், தம்பி சொன்னார். இவர் அவரைப் பார்த்த பார்வையில் தம்பி இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். எனக்கும் விளையாடத் தெரியும், நான் இருக்கட்டுமா என்று கேட்டேன். “அது அவன்ர இடம்” என்றார் இவர். கடதாசியைக் குலைத்துக் குலைத்து அடுக்கினார்களே தவிர ஒருவரும் போடவில்லை.

சிநேகிதரின் மனைவி எனக்கு ஃபோன் எடுத்தார். “இவர் ஒண்டும் கதைக்கிறாரில்லை அக்கா. கனடாவிலை ஃபோனை எடுக்கினமில்லை. நான் உங்களோடை கோவமில்லை. ஆனால் இவரைப் பாக்க ஏலாமல் கிடக்கு.” நாங்கள் இருவரும் ஃபோனின் இரண்டு பக்கத்திலும் கொஞ்ச நேரம் அழுதோம். ஆண்கள் அரசியல் செய்கிறார்கள், நாங்கள் மூக்கைச் சீறுகிறோம் என்று அவர் சொல்ல, அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

தேர்தல் முடிந்தது. தெற்கிலிருந்து வந்தவர் வென்றார். குழுவில் வெடியும் பூவுமாகப் படங்கள் பறந்தன. இவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். தன் ஆள் தோற்றதற்காக அல்ல. சிநேகிதரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வென்ற பக்கத்துக்காரர் ஒரு சொல் எழுதவில்லை.

“எனக்கு நக்கலடிச்சு ஏதாவது எழுதித் துலைக்கலாம்தானே” என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மனிதன் தன்னை யாராவது ஏசவேண்டும் என்று இவ்வளவு ஆசையோடு காத்திருந்ததை நான் பார்த்ததில்லை.

அன்றிரவு இவர் குழுவில் எழுதினார். வழமைபோல ஒற்றை விரல். இந்தத் தரம் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். “என்ரை சிநேகிதனைப் பற்றி நான் எழுதினது பிழை. அவன்ரை அரசியலுக்கும் அவன்ரை மகன்ரை கலியாணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. என்னை நம்பிச் சொன்ன விசயத்தை ஆத்திரத்திலை வெளியிலை விட்டிட்டன்.” பிறகு யாரோ ஒரு பெருவிரல் போட்டார்கள். வாசித்தவர்களின் பட்டியலைத் தட்டிப் பார்த்தால் அதில் சிநேகிதரின் பெயரும் இருந்தது. பதில் வரவில்லை.

இரண்டு ஞாயிறு கழிந்து, மணி அடித்தது. திறந்தால் சிநேகிதர், மனைவி, மகன், அந்தப் பெண். கலியாணம் சொல்ல வந்திருந்தார்கள். எங்கள் சனத்தில் கலியாணத்தை வாட்ஸ்அப்பில் சொன்னால் அழைத்ததாகக் கணக்கில்லை. கோபமென்றாலும் வீட்டுக்கு வந்து சொல்லத்தான் வேண்டும். அதனால் வந்திருந்தார். வந்தவர் அழைப்பிதழை என் கையில் தந்தார். இவர் பக்கம் திரும்பவில்லை. கனடாத் தமையன் வருவாரா என்று நான் மனைவியிடம் மெல்லக் கேட்டேன். “இன்னும் கதைக்கேல்லை” என்றார்.

அண்ணனும் தம்பியும் வழமைபோல மேசையில் இருந்தார்கள். அந்தப் பெண்தான் மேசையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“முன்னூற்றிநாலா?”

இவருக்கு ஆச்சரியம். “இது எங்கட விளையாட்டெல்லோ, பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?”

“எங்கடையும்தான், அங்கிள்” என்றாள். பையனிடம் பழகிய தமிழ், கொஞ்சம் தட்டித் தட்டி வந்தது. “எங்கட அப்பாவும் சித்தப்பாமாரும் நெடுக விளையாடுவினம். அம்மா சாப்பாடு போட மாட்டா, அவ்வளவு சண்டை.”

இவர் தன் வாழ்நாள் முழுக்க முன்னூற்றிநாலு யாழ்ப்பாணத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தவர். பிறகு தம்பிதான் பொறுக்கமாட்டாமல், “பிள்ளைக்கு அங்கை வோட்டு இருக்கல்லே, ஆருக்குப் போட்டனீங்கள்?” என்று கேட்டுவிட்டார். எனக்கு அவர் தலையில் குட்டவேண்டும் போல இருந்தது.

“இலங்கைக்குப் போகேலாமல் போச்சு” என்றாள் அவள். “விசா நீடிக்க வெளிநாட்டவர் அலுவலகத்திலை அந்தக் கிழமைதான் வரச்சொல்லி டெர்மின் கிடைச்சது.”

அத்தனை சண்டைக்கும் நடுவில் வாக்கு இருந்த ஒரே ஆள் டிரெஸ்டனில் வரிசையில் நின்றிருக்கிறாள். நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரித்தார். சிநேகிதர் சிரிக்கவில்லை, ஆனால் மீசை ஆடியது.

“இருந்து பாருங்கோவன், பிள்ளை” என்று நான்தான் அவளை அந்த வெறும் கதிரையில் இருத்தினேன். சிநேகிதர் இருக்க மறுத்து, இவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். கடதாசி போட்டார்கள். இவர் கேள்வி கேட்டு, மற்றக் கடதாசிகளை வெட்டும் துரும்பைக் கவிழ்த்து வைத்தார். அவள் நன்றாகவே விளையாடினாள். இவருக்குத்தான் கை ஓடவில்லை. பின்னால் நிற்கிறவரின் மூச்சுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சுற்றில் பிடியை அவள் வெல்லப் போகிறாள். எனக்கே தெரிந்தது. இவர் அதன் மேல் துரும்பைப் போட்டு வெட்டக் கை எடுத்தார்.

“டேய், விசரா! உன்ரை சோடியை நீயே வெட்டுறியோ!”

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், பார்க்கிறவர் கதைக்கக்கூடாது, ஆட்டம் குழம்பிவிட்டது என்று. இவர் கடதாசியைப் பிடித்த கையோடு திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாய் திறந்திட்டாய்” என்றார். “நான் குழுவிலை எழுதினதை வாசிச்சனிதானே, மச்சான்? அதுக்கு ஒரு சொல்…”

“குழுவிலை உலகத்துக்கெல்லாம் சொன்னாய்” என்றார் சிநேகிதர். “எனக்குச் சொன்னனியே?”

இவர் கடதாசிகளை மேசையில் வைத்தார். எழும்பி நின்றார்.

“பிழை விட்டிட்டன்” என்றார். “உனக்கு அண்ணையிட்டை முகம் கொடுக்கேலாமல் பண்ணிப்போட்டன்.” பிறகு எதிர்க் கதிரைப் பக்கம் திரும்பினார். “பிள்ளை, உம்மைப் பற்றியும் நான் ஒண்டு எழுதினனான்…”

“தெரியும் அங்கிள்” என்றாள் அவள், சிநேகிதரின் மகனைக் காட்டி. “இவர் வாசிச்சுக் காட்டினவர்.”

எனக்கு இவரைத் திட்டிய நாளெல்லாம் போய், ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. சிநேகிதர் ஒரு கதிரையை இழுத்துவந்து இவருடைய கதிரையோடு ஒட்டிப் போட்டார். இவரைத் தோளில் பிடித்து இருத்திவிட்டுத் தானும் இருந்தார். இவருடைய கடதாசிகளை எடுத்து விரித்து, ஒன்றை உருவி, இவர் விரல்களுக்குள் வைத்தார்.

“இந்தா, இதைப் போடு” என்றார். “அவள் வெல்லட்டும்.”