அப்பா டீஃப்ராக் பண்ணிய மத்தியானம்

கர்ர்... கர்ர்... டக்.

பழைய ஹார்ட் டிஸ்க் திணறுகிற சத்தம் அது. கேட்டவர்களுக்குத் தெரியும்.

நேற்று நம்ம குரூப்பில் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: பழைய பி.சி. ஒன்று இருக்கிறது, டீஃப்ராக் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று. பதில் போட உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அந்தச் சத்தம்தான் காதில் ஓடியது.

எங்கள் ஊர் கேரள எல்லையில், கோவிந்தாபுரத்துக்குப் பக்கம். காலேஜ் முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த எனக்கு, அப்பா கோயமுத்தூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். முன்னறையில் வைத்துக்கொண்டு காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் டைப் அடித்துக் கொடுப்பேன். கொல்லங்கோட்டிலிருந்துகூட வருவார்கள்.

அப்பா பாடசேகர சமிதி செக்ரட்டரி. வயல்காரர்கள் சங்கத்துக்கு இங்கே அதுதான் பெயர். வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதி, கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசில் விதை வந்த செய்தி... எல்லாம் மைக் கட்டிய ஆட்டோவில் ஊர் சுற்றும். குரல் அப்பாவுடையது. முதலில் தமிழ், அப்புறம் மலையாளம்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு ரெக்கார்டிங் எங்கள் முன்னறையிலேயே நடந்தது.

"பெரியோர்களே, விவசாயப் பெருமக்களே..." என்று கம்பீரமாக ஆரம்பிப்பார். பாதியில் இருமல் வரும். இல்லாவிட்டால் வெளியே மாடு கத்தும்.

"அடச்சே... மறுக்கா எடு அம்மிணி."

அதுவும் சேர்ந்து பதிவாகும். நான் எதையும் அழித்ததில்லை. ஆட்டோவில் இருந்தது ஒரே கேசட். அடுத்த செய்தியை அதன் மேலேயே ஏற்றிவிடுவார்கள். மற்றதெல்லாம் 'அப்பா' என்ற ஃபோல்டரில் கிடந்தது.

அந்த இருமல் நிற்கவே இல்லை. தொண்டையில் கேன்சர் என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. உயிர் தங்கியது... குரல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த அப்பா உதட்டை மட்டும் அசைப்பார். அம்மாதான் பார்த்துப் புரிந்துகொண்டு எங்களுக்குச் சொல்வார். ஊருக்கே கேட்டுக்கொண்டிருந்த மனுஷன், பக்கத்து அறையில் இருக்கிறவளைக் கூப்பிடக் கை தட்ட வேண்டி வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரும் படுத்தது. ஒரு பக்கம் திறக்க ஒரு யுகம். பிள்ளைகள் வேறு இடம் தேட ஆரம்பித்தார்கள். வயலைக் கவனிக்க ஆளில்லாத அந்த நாட்களில் வீடு ஓடியதே என் டைப்பிங்கை நம்பித்தான்.

டிஸ்க்கில் ஒரே ஃபைல் துண்டு துண்டாக அங்கங்கே கிடப்பதை ஒன்றாகச் சேர்த்து வைப்பதுதான் டீஃப்ராக். கம்ப்யூட்டரோடு வந்த சாஃப்ட்வேரை ஓட்டினேன். பதினைந்து சதவீதமாவது இடம் காலியாக இருக்க வேண்டும் என்று மெசேஜ் வந்தது. எங்கள் டிஸ்க்கோ நெருக்கியடித்துக் கிடந்தது. சிடி எழுதும் வசதியும் அதில் கிடையாது. அழிக்கிற மாதிரி பெரிய ஃபோல்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"உங்கப்பன் கொரல அழிச்சுப்போட்டுத்தான் மிசினு ஓடோணும்னா, அந்த மிசினே நமக்கு வேண்டாம் போ," என்றார் அம்மா.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கொல்லங்கோட்டில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த ஷாஜியிடம் போனேன். ஒவ்வொன்றாகத் தேடினோம். ஒன்று காசு கேட்டது. ஒன்று எங்கள் பழைய விண்டோஸில் ஏறாது. கடைசியில் ஒன்று அகப்பட்டது.

"சேச்சி, இதுக்கு அதிகம் காலி ஸ்தலம் வேண்டா. ஓரோ ஃபைலாயிட்டு சேர்த்து வெக்கும். மெல்லத்தான் ஓடும், அவ்வளவே."

சிடியில் எழுதிக் கொடுத்தான். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அப்பா படுத்த பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்த பஸ்ஸில்தான்.

வீட்டுக்குள் நுழைந்தால் டிஸ்க்கின் கர்ர் சத்தமே இல்லை.

என் நாற்காலியில் அப்பா. ஸ்கிரீனில், சிதறிய துண்டுகளைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் நீலமாக, வரிசையாக... டீஃப்ராக் முடிந்திருந்தது. நான் செய்வதைப் பார்த்துப் பார்த்தே பழகியிருக்கிறார்.

'அப்பா' ஃபோல்டர் இல்லை. ரீசைக்கிள் பின்னும் காலி.

என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உதட்டை அசைத்தார். பின்னால் வந்து நின்ற அம்மா வழக்கம்போல வாய்விட்டுச் சொன்னார். "இனி உன்ற வேல தடையில்லாம நடக்குமாமா அம்மிணி..."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஏனுங்க... என்ன பண்ணிப்போட்டீங்க?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஷாஜிக்குப் போன் அடித்தேன். "டிலீட் மட்டும்னா நோக்கியிருக்கலாம் சேச்சி. டீஃப்ராக் கழிஞ்சதல்லே... இனி ரக்ஷையில்ல."

இனி மீட்க வழியில்லை என்று அவன் சொன்னது சரிதான். காலியான இடத்துக்கெல்லாம் வேறு ஃபைல்களை நகர்த்தி வைப்பதுதானே அதன் வேலை. அப்பாவின் குரல் இருந்த இடத்தில் யாரோ பிள்ளைகளின் ப்ராஜெக்ட் பக்கங்கள் போய் உட்கார்ந்திருந்தன.

அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. கம்ப்யூட்டர் வேகமாக ஓடியது, பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். டைப் அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் நிம்மதியாகச் சாய்ந்திருப்பார். சில வருஷம் இருந்தார். அப்புறம் போய்விட்டார். அந்த சிடியை நான் போடவே இல்லை.

இப்போது என் லேப்டாப்பில் சுற்றுகிற டிஸ்க்கே கிடையாது. சத்தமும் இல்லை, டீஃப்ராக்கும் தேவையில்லை. என் மகன் தும்மியதற்குக்கூட போனில் வீடியோ இருக்கிறது.

நண்பருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சாஃப்ட்வேர் எதுவானாலும் போடுங்கள். அதற்கு முன்னால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் வேறு எங்காவது எடுத்து வையுங்கள்.

வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதி இப்போது வாட்ஸப்பில் எழுத்தாக வருகிறது. வரும்போதெல்லாம் மனசுக்குள் அப்பாவின் குரலில் வாசித்துப் பார்ப்பேன். "பெரியோர்களே" வரைக்கும் அவர் குரல்தான். அதற்கு மேல் என் குரலாகிவிடுகிறது.

மறுக்கா எடுத்துப் பார்க்கிறேன்... வர மாட்டேன் என்கிறது, அப்பா.