மெர்லிமாவில் மூன்று ஸ்டீல் கித்தார்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு. நானும் நண்பன் சேகரும் மலாக்காவிலிருந்து மெர்லிமாவுக்குப் போனோம். கல்யாண மேடைகளில் ஸ்டீல் கித்தாரை மடியில் வைத்து வாசித்தவன் அவன். காலால் பெடலை அழுத்திச் சுரம் மாற்றும் பெடல் கித்தார் வாங்கப் பணம் சேர்த்திருந்தான். அதற்குள் மோட்டார்சைக்கிள் விபத்து. வலது முழங்கால் பக்கவாட்டில் அசைவதில்லை. ஒரு வருடமாக வாசிப்பும் இல்லை. மெர்லிமாவில் ஒரு வீட்டில் மூன்று பெடல் கித்தார்கள் இருப்பதாகவும் அவற்றில் ஏதாவது ஒன்றை விற்பதாகவும் கேள்விப்பட்டோம்.

"கால் ஒத்துவரலன்னா கித்தாரையே விட்டுடுவேன்," என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காலை ஒன்பதரை பஸ். முக்கால் மணி நேரம். அங்கிருந்து எஸ்டேட் சாலையில் ஐந்து கிலோமீட்டர், டாக்சிக்கு நான்கு மலேசிய வெள்ளி. இரு பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம்.

"கித்தாரா? காருக்குள்ள ஏறுமா?" என்றார், போகும் காரணம் கேட்ட ஓட்டுநர்.

"ரெட்டைக் கழுத்துன்னா ஏறாதுண்ணே," என்றான் சேகர்.

"அப்ப ஒத்தக் கழுத்தே வாங்குலா. என் சீட்டு பாவம்."

அந்த வீட்டு லலிதா அக்கா ஹோட்டல் இசைக்குழுவில் வாசிப்பவர். கூடத்தில் மூன்று கித்தார்களும் மேசை போலக் கால் ஊன்றி நின்றன. இரட்டைக் கழுத்தில் வாசித்துக் காட்டினார். இடது கையால் கம்பிகளின் மேல் பிடித்திருந்த எஃகுத் தண்டு நகரவில்லை. இடது பாதம் மட்டும் பெடலை அழுத்தியது. ஒரு சுரம் அசையாமல் நின்றது. பக்கத்துச் சுரம் உருகி மேலே ஏறியது. நான் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கம்பிகள் ஓடும் பலகைதான் கழுத்து. ஒற்றைக் கழுத்தில் பத்துக் கம்பி, ஒரே சுருதி அமைப்பு, மூன்று பெடல். இரட்டையில் இரண்டு அமைப்பு, எட்டுப் பெடல். தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூன்றாவது, யூனிவர்சல் என்ற வகை. அதில் பன்னிரண்டு கம்பி. இரண்டு அமைப்பும் ஒரே கழுத்தில் அடங்கிவிடும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக, முழங்காலால் ஒரு லீவரைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். வலது முழங்காலால்.

சேகர் முதலில் உட்கார்ந்தது அதன் முன்தான். கால் நகரவில்லை. நாங்கள் மூவரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரட்டையில் எட்டாவது பெடலுக்கு இடது காலைக் கொண்டுபோனதும் உடம்பு முறுக்கிக்கொண்டது.

கடைசியாக ஒற்றைக் கழுத்து. அதிலும் சில சுரங்களை மாற்ற வலது பக்கம் இரண்டு முழங்கால் லீவர்கள். சேகர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாசித்தான். லீவர் வேண்டிய இடம் வந்தது. தண்டைக் கம்பிகளின் மேல் கோணலாகச் சாய்த்தான். லீவர் தர வேண்டிய சுரம் வந்துவிட்டது.

அக்கா குனிந்து கித்தாருக்கு அடியில் பார்த்தார். "டேய், நீ லீவரத் தொடவே இல்லயே?"

"மடிக் கித்தார்ல லீவர் ஏதுக்கா? சாய்ச்சுத்தான் வாசிப்போம்."

வாங்கப் போகிறவர்களுக்கு: ஞாயிறு மதியத்துக்குப் பிறகு அந்தச் சாலையில் டாக்சி கிடைக்காது, திரும்பும் நேரத்தை முன்பே பேசிவிடுங்கள். விற்பவர் கழுத்துகளின் பெருமையைச் சொல்வார். கேளுங்கள். ஆனால் உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். எது சிறந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. உடம்பு ஏற்கெனவே எதை வைத்திருக்கிறது என்பது வாசிக்கும்போதுதான் தெரிகிறது.

அக்கா திருப்புளி எடுத்து வந்து, சேகர் வாங்கிய ஒற்றைக் கழுத்தில் அவன் முட்டியில் இடிக்காதபடி வலது லீவர்கள் இரண்டையும் கழற்றினார். பிறகு தன் இரட்டைக் கழுத்தின் முன் உட்கார்ந்து, அவனைப் போலவே தண்டைச் சாய்த்துப் பார்த்தார். சுருதி பிசகியது.

"இன்னும் கொஞ்சம் கம்மியாச் சாய்க்கணும்க்கா," என்றான் சேகர், தன் கம்பிகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.