கிழமைக்கு ஒரு குளிசை

மலேரியாத் தடுப்புக் குளிசையின் பக்கவிளைவை என் மனைவி என்று நம்பியவன் நான். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

இறந்த பிறகு அவள் எல்லோருடைய கனவிலும் போய்வந்தாள், என் கனவைத் தவிர. எங்கள் ஆட்களுக்கு இதைத் தொலைபேசியில் அறிவிப்பது ஒரு கடமை. "அக்கா விடியப்புறம் வந்தவ, உளுந்து வடை கேட்டவ" என்று ரொறன்ரோவிலிருந்து ஒருத்தி சொல்வாள். லண்டனில் யாருக்கோ சிவப்புச் சேலையோடு தரிசனம். விசா இல்லாமல் உலகம் சுற்றுகிறவளுக்கு நான் இருக்கும் ஹோம்புஷ் தொடர்மாடி வீட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லை என்று நான் பகிடி விடுவேன். பிறகு தலையணையைக் கட்டிலின் மறு முனையில் போட்டுப் படுத்துப் பார்ப்பேன், அந்தப் பக்கமாகவாவது வருகிறாளா என்று.

அப்போதுதான் வேலை விஷயமாகப் பப்புவா நியூ கினிக்குப் போகவேண்டி வந்தது. தினமும் விழுங்குவது, ஏழு நாளைக்கொருமுறை கிழமைக்கு ஒன்று விழுங்குவது என இரண்டு வகைக் குளிசை இருப்பதாக வைத்தியர் சொன்னார். சோம்பேறி எதைக் கேட்பான்? இரண்டாவதைத் தருவதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்டார்: மனச்சோர்வு, பதற்றம் ஏதும் இருந்ததா? "எங்கள் பரம்பரையிலேயே இல்லை" என்றேன், குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிற வேகத்தில். அவள் போன பிறகு நித்திரையில்லாமல், ஆக்கிய சோற்றைத் தொடாமல் நான் கிடந்ததை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது கவலை. மனச்சோர்வு என்பது வேறு யாருக்கோ வருவது.

பயணத்துக்கு முன்பே தொடங்கச் சொன்னார். ஒத்துவராவிட்டால் இங்கேயே தெரிந்துவிடுமாம்.

முதல் குளிசைக்கே வந்துவிட்டாள். பச்சை நைற்றியோடு ஹோம்புஷ் ரயில் மேடையில் நின்று, "அரிசி ஊறப் போட்டனீங்களோ?" என்றாள். இத்தனை காலம் காத்திருந்தவனிடம் கேட்கிற கேள்வி! வழக்கமான கனவுபோல மங்கலாக இல்லை. கழுத்தடியில் விட்டுப்போன தையல்கூடத் தெரிந்தது. அடுத்த கிழமை குசினியில் கத்தரிக்காய் பொரித்தபடி, "மெலிஞ்சு போனீங்கள்" என்றாள். உயிரோடிருந்தபோது அவள் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை. விழித்ததும் எழும்பிப் போய் அடுப்பை முகர்ந்து பார்த்தேன். அதன் பிறகு குளிசை விழுங்கும் நாளில் முகம் மழித்தேன்.

அடுத்த கனவில், ரயிலில் என் பக்கத்தில் இருந்தவள், என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அன்றிலிருந்து பகலிலும் நெஞ்சு படபடத்தது. வேலைக்குப் போகும் ரயில் ஒருபக்கமாகச் சரிவதுபோலிருக்க, கம்பத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தேன். பள்ளிப் பிள்ளை ஒருத்தி எழுந்து இடம் தந்தாள். நான் கையை விட்டால் பெட்டி கவிழ்ந்துவிடும் என்பதால் உட்காரவில்லை. மற்றப் பயணிகளின் உயிரும் என் கையில் அல்லவா?

மனைவியின் தங்கை வெஸ்ட்மீட்டில் மருந்தாளராக இருக்கிறாள். அவள் வீட்டுக்கு வைத்தியம் கேட்கப் போகவில்லை, பெருமையடிக்கப் போனேன்.

"அக்கா என்னட்டையும் வந்தவ."

"எப்பேந்து, அத்தான்?"

"இந்த மலேரியாக் குளிசை தொடங்கின நாளிலயிருந்து…"

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "கிழமைக்கு ஒண்டு எடுக்கிறதோ? தலை சுத்துதோ?"

"எனக்கில்லை. ரெயிலுக்குத்தான்."

"பகிடியை விடுங்கோ. முந்தி மனச்சோர்வு இருந்ததோ எண்டு டொக்டர் கேட்டிருப்பாரே?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"அது பட்டாளத்துக்கெண்டு செய்த மருந்து, அத்தான். மலேரியாவை நல்லாத் தடுக்கும். ஆனா சிலபேருக்கு மூளையோட விளையாடும். நிப்பாட்டின பிறகும் சிலருக்கு விட்டுப் போகாது. உங்களை மாதிரி ஆக்களுக்குக் குடுக்கவே கூடாது. இனி எடுக்காதேங்கோ."

"மற்றக் குளிசைக்கு ஆக்கள் வரமாட்டினமோ?"

சிரித்துவிட்டாள். பிறகு, "அது அக்கா இல்லை, அத்தான்" என்றாள்.

"தெரியும். ஆனா குரல் அவவின்ர."

"என்ன உடுத்திருந்தவ?"

"பச்சை நைற்றி."

"நான் வாங்கிக் குடுத்தது." கையை நீட்டினாள். "மிச்சக் குளிசையைத் தாங்கோ."

"ஏன், நீ போட்டுப் பாக்கவோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ" என்றாள். ஆனால் நான் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த குளிசைப் பெட்டியை உடனே கைப்பையில் வைக்கவில்லை. கதவுவரை என்னோடு வந்தபோதும் அது அவள் கையில்தான் இருந்தது.

மறுநாள் வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் விழுங்கும் குளிசைக்கு மாற்றினார். தலைச்சுற்று நிற்கச் சில கிழமைகள் எடுத்தது. பப்புவா நியூ கினிக்குப் போய் வேலையை முடித்துத் திரும்பினேன். எனக்கு மலேரியா வரவில்லை. அதற்குப் பிறகு அவளை நான் கனவில் கண்டதில்லை.