துறைமுக அதிகாரி ஃப்ளோரா

வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறிக்கொண்டே, "ஏமன்ல இன்னா நெலவரம் சார்?" என்று கேட்பாள் ஃப்ளோரா. காசிமேட்டில் மீன் வெட்டித் தருபவளிடம் துண்டு பெரிதா சிறிதா என்று சொல்ல வாயெடுத்தவர் திருதிருவென்று விழிப்பார். "பேப்பர் பட்ச்சிட்டு வரக்கூடாதா?" என்று அவரையே கடிந்துகொள்வாள். கத்தி மட்டும் நிற்காது.

எட்டாவதோடு படிப்பை மூட்டை கட்டியவள் ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி மாணவியானது மகன் பிராங்கிளினால். அவன் வேலை பார்க்கும் சரக்குக் கப்பலைச் செங்கடல் கரையில் ஏதோ ஒரு துறைமுகத்தில் பிடித்துவைத்து ஒன்பது மாதமாகிறது. ஏன் என்று கேட்டால் கம்பெனிக்காரன் ஒரு கதை சொல்கிறான், ஏஜெண்டு வேறு கதை சொல்கிறான். "வூட்ல அய்துகினு கெடக்கறதுக்கு, இன்னா ஏதுன்னாவது தெரிஞ்சிக்கலாம்ல?" என்று ராயபுரம் சர்ச் ஹாலில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் 'உலக நெருக்கடிகள்' வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாள்.

பாடம் நடத்தும் எழில்மொழி கரும்பலகைப் பக்கமே போவதில்லை. பஞ்சமோ போரோ, ஆளுக்கொரு நாட்டின் சீட்டைக் கொடுத்து வாதாட விட்டுவிடுவாள். நதிநீர்ச் சண்டை வந்த வாரம் ஃப்ளோரா கடைமடை நாடு. தண்ணி லாரிக்கு வரிசையில் நின்றே பாதி ஆயுசு போனவள், சும்மா விடுவாளா? நாட்டுக்கு ஒரு குடம், ஆள் வர நேரமானாலும் அவன் குடத்தை யாரும் தள்ளிவைக்கக் கூடாது என்று பத்து நிமிடத்தில் தீர்த்துவைத்தாள். எழில்மொழி அதை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

போன வாரம் கப்பல் நெருக்கடி. தரையில் விரித்த உலகப் படத்தில், செங்கடல் ஓரம் ஒரு புளியங்கொட்டை. அதுதான் பிடிபட்ட கப்பல். ஆட்டோ ஓட்டும் சுஹைபுக்குக் கப்பல் முதலாளி சீட்டு. ஃப்ளோராவுக்கு வந்தது துறைமுக அதிகாரி சீட்டு. பிடிப்பதும் விடுவதும் இனி அவள் கையில்.

"வுட்டுட்டேன்," என்றாள் உடனே. "போவட்டும்."

"இன்னாக்கா, கேஸு முடியாம எப்டி வுடுவ? நான் இன்னும் வாயே தொறக்கல," என்றான் சுஹைப்.

"உள்ள கீற புள்ளைங்களோட சீட்டு யார்கிட்ட கீது?"

எழில்மொழி சீட்டுக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவங்களுக்குச் சீட்டு எழுதலக்கா," என்றாள் தாழ்ந்த குரலில்.

டீ வந்தது. எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். ஃப்ளோராவுக்கு மகனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கேஸும் நியாயமும் யாருக்கு வேண்டும், அவன் முகத்தைப் பார்த்தால் போதும். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

முட்டி வலியோடு குனிந்து படத்தின் மேலேயே உட்கார்ந்தாள். புளியங்கொட்டையை ஒற்றை விரலால் ஏமனைத் தாண்ட வைத்து, அரபிக்கடலில் தள்ளிக் கன்னியாகுமரிக்குக் கொண்டுவந்தாள். ராமேஸ்வரம் வழியாக ஒரு இழுப்பு இழுத்தால் சென்னை வந்துவிடும். ஆனால் அங்கே ஆழம் போதாது, பெரிய கப்பல் தரை தட்டிவிடும். விரலை எடுக்காமல், இலங்கையை முழுசாகச் சுற்றிக்கொண்டு, பதனமாக வடக்கே திருப்பினாள்.