கிடாயோடு கதைக்கும் மனுசி

மத்தியானம் கஞ்சி கொடுப்பார்கள் என்பதற்காகத்தான் என்னை அந்தப் பட்டறைக்கு அனுப்பினார்கள். கலை வளரட்டும் என்று அனுப்பினார்கள் என யாராவது நினைத்தால் அது அவர்களுடைய நல்ல மனம். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணி விடுமுறையில், வலிகாமத்தில் எங்கள் ஊர்ப் பாடசாலை மண்டபத்தில், சிறுவர்களுக்கு எழுத்தும் நடிப்பும் சொல்லிக்கொடுக்கப் பத்து நாள் பயிற்சி ஒன்று வைத்தார்கள். சனசமூக நிலையத்துச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அம்மா அதை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்து கடைசி வரியில் நின்றார்.

"கஞ்சியும் குடுக்கினமாம். போ."

எனக்கு அப்போது பதினொரு வயது. தம்பிக்கு மூன்றரை. அந்த வருடங்களை நினைத்தாலே எனக்கு இப்போதும் அலுப்பு வந்துவிடுகிறது. சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் என்றால் என்னவென்று தம்பிக்குத் தெரியவே தெரியாது. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிசைந்த பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம். ஜாம் போத்தலில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கு எரித்தோம். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் இறங்கினோம், சத்தம் போனதும் ஏறி வந்து விட்ட வேலையைத் தொடர்ந்தோம். பெரியவர்கள் எல்லோரும், ஏதோ ஒரு நாள் ஒரு முழு நித்திரை கொண்டால் போதும் என்பது போன்ற முகத்தோடு திரிந்தார்கள்.

அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் வேலை. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை ரயிலில் வருவார். தொண்ணூறாம் ஆண்டு சித்திரை வருடப் பிறப்புக்கு வந்து, கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தூக்கி வைத்திருந்துவிட்டுப் போனார். ஆனியில் சண்டை தொடங்கியது, பாதை மூடியது, ரயில் நின்றது. பிறகு கடிதங்கள் கப்பலில் மூட்டை மூட்டையாக வந்தன. அவருடைய கடைசிக் கடிதம் வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. கடிதம் வராததை வெளியில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். யாராவது கேட்டால், போன கிழமை வந்தது, சுகமாக இருக்கிறார் என்று சொல்லவேண்டும். அப்பா உயிரோடுதான் இருந்தார் என்பது பல வருடங்களுக்குப் பிறகு தெரியவந்தது. அது வேறு கதை, அதைச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

எங்களுக்குப் படிப்பிக்க வந்த மாஸ்ரர் நல்லூர்ப் பக்கத்துக்காரர். கிழிந்த ரயருக்கு உள்ளே பழைய ரயர்த் துண்டு வைத்துக் கட்டிய சைக்கிளில், ஒவ்வொரு அடிக்கும் ஒரு தூக்கு தூக்கிப் போடும் அந்த வாகனத்தில், காலையில் வந்து இறங்குவார். இறங்கியதும் மண்டபத்து வாங்குப் பலகையில் சிறிது நேரம் படுப்பார். பிறகு எழும்பி எங்களை வட்டமாக நிறுத்திக் கைகளை உதறச் சொல்வார். மரமாகச் சொல்வார், அலையாகச் சொல்வார். வெறும் வயிற்றில் அலையாவது எளிதல்ல. பதினொரு மணிக்கு மேல் நாங்கள் எல்லோருமே காற்றடங்கிய கடலாகிவிடுவோம்.

எழுதுவதற்குக் கூட்டுறவுச் சங்கக்கடையின் பழைய படிவங்களைத் தந்தார்கள், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முதல் நாள் எழுதச் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கத்தில், பாதிப்பேர் 'நான் ஒரு குடை' என்று எழுதினோம். மிச்சப் பேர் 'நான் ஒரு பேனா'. மாஸ்ரர் எல்லாவற்றையும் வாசித்தார். கோபிக்கக்கூட அவருக்குச் சீவன் இருக்கவில்லை.

"பிள்ளையள், குடையும் பேனையும் காணும். நேற்று உங்கடை வீட்டிலை காதாலை கேட்டதை எழுதுங்கோ. கேட்டது கேட்டபடி. நல்லதை நாங்கள் கடைசி நாள் நாடகமாய்ப் போடுவம்."

கேட்டபடி எழுத என்னிடம் ஒன்று தாராளமாக இருந்தது. அம்மா அப்பாவோடு கதைப்பார்.

எங்கள் ஊரில் மனைவி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. 'இஞ்சேருங்கோ' என்று ஒரு பெண் கூப்பிட்டால் உலகத்தில் ஒரே ஓர் ஆளைத்தான் கூப்பிடுகிறாள். அம்மா கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது கூப்பிடுவார். குசினியில் புகைக்குள் இருந்து கூப்பிடுவார். கூப்பிட்டு, விசயத்தைச் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து, "ம்" என்று கேட்டுக்கொண்டு, பிறகு மறுத்துக் கதைப்பார். எனக்கு அது பழகிப்போன சத்தம். கிணற்றுத் துலாவின் கிறீச்சைப் போல அதுவும் வீட்டில் ஒன்று. அன்று இரண்டு படிவங்களின் பின்பக்கத்தில் அதை அப்படியே எழுதினேன்.

மறுநாள் மாஸ்ரர் அதைச் சத்தமாக வாசித்தார். வாசிக்க வாசிக்க நிமிர்ந்து உட்கார்ந்தார். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்த மனுசி ஆரோடை கதைக்கிறா?"

அப்பாவோடு என்று சொல்ல வாய் திறந்தேன். அப்பா எங்கே என்று கேட்பார். கொழும்பில் என்றால், கடிதம் வருகிறதா என்று கேட்பார். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது. யன்னலுக்கு வெளியே யாரோ கட்டிவிட்ட ஆடு ஒன்று நின்றது. எங்கள் வீட்டிலும் ஒரு கிடாய் நின்றது.

"எங்கடை கிடாயோடை, சேர்."

மண்டபம் சிரித்தது. முதல் நாள் முழுக்க முகம் மலராத மாஸ்ரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கிடாயையோ 'இஞ்சேருங்கோ' எண்டு கூப்பிடுறவ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்கு முன் யாரும் நான் சொன்னதற்காக அப்படிச் சிரித்ததில்லை. பசிகூட எடுக்கவில்லை. கடைசி நாளுக்கு அதுதான் என் நாடகம் என்று அங்கேயே முடிவாயிற்று.

பெரியம்மாவின் மகளும் பட்டறைக்கு வந்தாள். அவளுக்கு மட்டும் விசயம் விளங்கிவிட்டது. கஞ்சி வரிசையில் வந்து காதுக்குள், "உது சித்தியெல்லோ?" என்றாள். மிச்ச நாட்கள் முழுக்க என் கஞ்சிக்குக் கடிக்கத் தந்த தேங்காய்ச் சொட்டை அவளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு வேறொரு நாடகத்தில் மரம் வேசம்.

ஒத்திகை எனக்கு எளிதாக இருந்தது. மாலையில் வீட்டுக்குப் போய் அம்மாவைக் கவனித்துவிட்டு, காலையில் வந்து செய்வேன். வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றுவது எப்படி, பதிலுக்குக் காத்திருக்கும்போது தலை எந்தப் பக்கம் சரியும், எவ்வளவு நேரம் சரிந்திருக்கும். ஒருநாள் அம்மா கிணற்றடியில் நெடுநேரம் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். நான் குசினி வாசலில் நின்று விரலால் எண்ணினேன். பதினான்கு.

கடைசி நாள் காலையில், உடுக்க ஒரு சீலை வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"என்ன வேசம்?"

"ஒரு அம்மா."

அம்மா சிரித்தார். "அப்ப நல்ல சீலை தேவையில்லை" என்று, கொடியில் காய்ந்த சீலையை இழுத்துத் தந்தார். கிடாயும் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் புதிய கயிறு மாற்றி, தாடியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, "சனத்துக்கு முன்னாலை போறவர், வடிவா இருக்கவேணும்" என்றார். பின்னேரம் தானும் வருவதாகச் சொன்னார். கோயில் தவிர அம்மா வேறெங்கும் போய் நெடுங்காலமாகியிருந்தது.

நாலு மணிக்குத் தொடங்கினார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. சனத்துக்கும் வேறு போக்கிடம் இல்லை. அம்மா பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசைப் பாயில், பெரியம்மாவுக்குப் பக்கத்தில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தலைமுடி இழுத்து வாரியிருந்தது.

நான் வாளியோடு மேடைக்கு வந்தேன். கிடாய் தூணில் கட்டியிருந்தது. இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"இஞ்சேருங்கோ! சங்கக்கடையிலை சீனி வந்திருக்காம். போறதோ, விடுறதோ?"

கிடாய் என்னைப் பார்த்தது. மண்டபம் வெடித்தது.

"ம்... உங்களுக்கென்ன, சொல்லுவியள். வரிசையிலை நிக்கிறது நானெல்லோ. பெரியவளுக்குச் சட்டை முழங்காலுக்கு மேலை போட்டுது. சின்னவன் இருமுறான். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ பாப்பம்."

தலையைச் சரித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கிடாய் எட்டிச் சீலைத் தலைப்பை வாயால் பிடித்தது. பனங்களியில் தோய்த்த சீலைக்கு ஆடு மாடு எல்லாம் அலையும், நான் அதை யோசித்திருக்கவில்லை. அது சவைத்துக்கொண்டு இழுக்க, நான் விடாமல் இழுத்துக்கொண்டு, அம்மாவின் வசனத்தையே சொன்னேன்: "காணும் உங்கடை பகிடி. விடுங்கோ, ஆரும் பாக்கப்போகினம்." ஆண்கள் பக்கம் விசிலடித்தார்கள். மாஸ்ரர் திரைக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தார்.

அப்போதுதான் தம்பி அம்மாவின் மடியிலிருந்து எழும்பி நின்றான்.

"அக்கா! உது அப்பா இல்லை!"

ஆண்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் சத்தம் திடீரென்று குறைந்தது. பாய் பாயாக, முன்னிருந்து பின்னுக்கு, அடங்கிக்கொண்டு போயிற்று. ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை, எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்தார்கள். என்னுடைய நடிப்பில் ஒன்றிப்போய்விட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஆகவே மிச்சத்தை இன்னும் நிறுத்தி, இன்னும் ஆறுதலாகச் செய்தேன். கடைசி வசனத்துக்கு முன்னால் பதினான்கு எண்ணினேன். "சரி, நீங்கள் சொன்னால் சரிதான்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

திரைத் துணியின் இடைவெளியால் அம்மாவைத் தேடினேன். அம்மா நேராக உட்கார்ந்து, மற்றவர்கள் நிறுத்திய பிறகும், கைதட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதற்பரிசு தந்தார்கள். எண்பது பக்கத்தில் ஒரு புதிய கொப்பி. அந்த வருடம் அப்படி ஒரு வெள்ளைத்தாளை நான் கண்டதில்லை. வாசலில் பெரியம்மா என் காதைப் பிடித்துத் திருகி, "உனக்கு நாக்கிலை சூடு வைக்கவேணும்" என்றார். தன் மகளுக்கு மரம் வேசம் மட்டும் கிடைத்த எரிச்சல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.  பாதிவழி வந்த பிறகு அம்மா, "வடிவா நடிச்சனீ" என்றார். வீட்டுப் படலையில் வைத்து, "கிடாய்க்குத் தண்ணி வை" என்றார். தலைப்புக் கிழிந்த சீலைக்கும் ஏச்சு விழவில்லை. பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த நாள் கிணற்றடியில் துலா மட்டும் கிறீச்சிட்டது. அதற்கடுத்த நாளும். அம்மா தண்ணீர் அள்ளினார், அடுப்பு மூட்டினார், சங்கக்கடை வரிசைக்குப் போய் வந்தார். எங்களோடு தேவையானதைக் கதைத்தார். வீடு நல்ல அமைதியாக இருந்தது. எனக்குப் படிப்பதற்கு அது வசதியாகக்கூட இருந்தது, அப்படித்தான் நினைத்தேன், இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்குக் கவலை குறைந்துவிட்டது என்றும் நினைத்தேன். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, தம்பி ஒவ்வொரு இடமாகப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தான். குசினிக் கதவுக்குப் பின்னால் பார்த்தான். கிணற்றடிக்குப் போய் வாழைக்குள் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, அப்பா எங்கை போயிட்டார்?"

"அவர் போய் மூண்டு வருசமாச்சு, விசரா. உனக்கு அவரைத் தெரியவே தெரியாது."

தம்பி தலையை ஆட்டினான். நான் பொய் சொல்கிறேன் என்ற மாதிரி என்னைப் பார்த்தான்.

"இல்லை அக்கா. உங்கை, கிணத்தடியிலை தானே அம்மாவோடை இருந்தவர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வசனம், அடுத்த நாடகத்துக்கு உதவும் என்று, புதுக் கொப்பியை விரித்து முதல் பக்கத்தில் கேட்டது கேட்டபடி எழுதி வைத்தேன்.